புனிதமலர் அக்காவின் மீன் வாளி

புனிதமலர் அக்காவின் குரலைச் செய்வது லேசு. முதலில் மூக்கால் ஒரு மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். பிறகு, கரையில் நின்று தூரத்து வள்ளத்தைக் கூப்பிடுகிற சத்தத்தில், பக்கத்தில் நிற்கிற ஆளோடு கதைக்க வேண்டும்.

"ஐயோ மாதாவே! உந்தச் சோத்தை ஆர் ராசா கொட்டினது? தின்னேலாட்டி என்னத்துக்குக் கோப்பை நிறையப் போட்டனீ?"

விடுதியில் நான் இதைச் செய்தால் பொடியன்கள் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். ஒருநாள் அக்காவே பின்னால் நின்று கேட்டிருக்கிறார். "மூச்சு சரி, சத்தம் காணாது, இன்னும் கூட்டு" என்று திருத்திவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் நாயாற்றுப் பக்கத்துக் கடற்கரைக்காரி. புருஷன் யாகப்பு களப்பில் வலை போடுகிறவர். கிழமை நாட்களில் அக்கா எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கிட்ட ஓர் அறையில் தங்குவார். சனிக்கிழமை பஸ் ஏறி, ஞாயிறு பூசை கண்டு, திங்கள் விடிய வேலைக்கு நிற்பார். வேலை என்பது தோட்ட வேலை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற பாதையோரம், காட்டை வெட்டி எழுப்பிய வளாகம் எங்களுடையது. வெட்டிய காட்டுக்கு நட்டஈடாக இப்போது கன்று நடுகிறோம். அந்தக் கன்றுகளைப் பார்க்கிறவர் அக்கா.

அவரை வேலைக்கு வைத்திருப்பது பல்கலைக்கழகம் இல்லை, குத்தகைக்காரர். குத்தகை மாறுகிற ஒவ்வொரு தடவையும் அவர் மற்றவர்களோடு வாசல் கேற்றடியில் போய் நிற்க வேண்டும். புதுக் குத்தகைக்காரர் வந்து விரலை நீட்டி, "நீங்கள் வாங்கோ, நீங்கள் வாங்கோ" என்பார். விரல் படாதவர்கள் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அந்த விரல் வரேக்க, தம்பி, நான் செபமாலையை எண்ணத் தொடங்கிடுவன்" என்பார் அக்கா. இதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய சத்தம் இறங்கிவிடும்.

அந்த விரலிலிருந்து தப்ப ஒரே வழி நிரந்தர நியமனம். தோட்டப் பகுதிக்கு ஓர் இடம் வந்திருந்தது. அதற்குப் பெயர் சொல்லும் உரிமை கிருபன் சேரிடம் இருந்தது.

கிருபன் சேர் எங்கள் விரிவுரையாளர், பசுமை வளாகத் திட்டத்தின் பொறுப்பாளர். அவருடைய குரலுக்கு இரண்டு கையும் வேண்டும். பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் வட்டமாக்கிக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, "சீரோ வேஸ்ற், பிள்ளையள். சீரோ! கேற்றால ஒரு கடுதாசித் துண்டு வெளிய போகக்கூடாது!" என்பார். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை. சோறு சுற்றுகிற லஞ்ச்சீற் ஒழிந்தது, எல்லோரும் கோப்பை கழுவப் பழகினோம். கூரையில் சோலர் ஏறியது. மழைத் தண்ணீருக்குத் தாங்கி வந்தது. பிரதேச சபையின் குப்பை அள்ளுகிற உழவு இயந்திரத்தை இனி வரவேண்டாம் என்று அவரே சொல்லி அனுப்பினார். சோற்று மிச்சமும் மரக்கறித் தோலும் கொம்போஸ்ற் தொட்டிக்குப் போயின.

மீன் மட்டும் எங்கும் போகவில்லை. தொட்டிக்குள் மீன் போடக்கூடாது என்பது கிருபன் சேரின் சட்டம். வெளியே கொண்டு போகக்கூடாது என்பதும் அவருடைய சட்டம். கன்ரீன் நடத்துகிற செல்வராசா அண்ணை நடுவில் நின்றார். அவர் கதைத்தால் பாதிச் சொல்லை வாய்க்குள் இருக்கிற வெற்றிலை தின்றுவிடும்.

"அப்ப உந்தக் குடலையும் தலையையும் நான் என்ன செய்யிறது? மடியில கட்டிக்கொண்டு வீட்ட போறதோ?"

"இஞ்ச தாங்கோ அண்ணை" என்று அக்கா வாளியை வாங்கினார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் மீன் வாளி கன்ரீன் பின்கதவால் அக்காவின் கைக்குப் போனது. மறுநாள் கழுவின வாளி திரும்பி வந்தது. உள்ளே இருந்தது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. செல்வராசா அண்ணைக்கு வாளி வெறுமையாக வந்தால் போதும். கிருபன் சேருக்கு அந்த வட்டம் வட்டமாக இருந்தால் போதும்.

அக்கா அதைக் கன்றுகளின் அடியில் குழி தோண்டித் தாட்டார். அவருடைய ஊரில் தென்னம்பிள்ளைக்கு எல்லோரும் செய்வது அதுதான். வலையில் மிஞ்சின சூடை மீனையும் சந்தையில் வெட்டின தலையையும் அடியில் தாட்டு, மேலே மணலைத் தள்ளிவிட்டால் பிள்ளை துள்ளிக்கொண்டு வரும். எங்கள் வளாகத்திலும் துள்ளிக்கொண்டுதான் வந்தன. வெயிலில் மற்றப் பக்கத்துக் கன்றுகள் நுனி கருகி நிற்க, பெண்கள் விடுதிக்குப் பின்னால் நின்ற மருதும் புங்கையும் வேம்பும் பச்சை பிடித்து நின்றன. கிருபன் சேர் படம் எடுத்து எல்லா இடமும் அனுப்பினார். மதிப்பீட்டுக்கு ஆட்கள் வரப்போகிறார்கள், கன்றுகள் இப்படியே நின்றால் அந்த நியமனத்துக்குப் புனிதமலர் அக்காவின் பெயர்தான் என்று எங்களுக்கு முன்னாலேயே சொன்னார்.

அக்கா அன்று என்னிடம் சத்தமே இல்லாமல் கேட்டார். "மெய்யா ராசா? சேர் சொன்னா எழுதுவாரோ?"

அடுத்த கிழமை முதலாவது கன்று கிளறுப்பட்டுக் கிடந்தது.

வேரோடு பிடுங்கி, பக்கத்தில் ஒரு முழத்துக்குக் குழி. கிருபன் சேர் குனிந்து பார்த்துவிட்டு முள்ளம்பன்றி என்றார். மறுநாள் இன்னொன்று. அதற்கடுத்த நாள் ஒரு வரிசையே போய்விட்டது. காவலுக்கு நிற்கிற தயாபரன் அண்ணை வந்து மண்ணை ஒரு பார்வை பார்த்தார்.

தயாபரன் அண்ணையின் குரல் வயிற்றுக்குள்ளிருந்து வரும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் நீங்கள் ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். முத்தையன்கட்டுக் குடியேற்றத்துப் பிள்ளை. தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். வயலோடு, வளாகத்தின் பின்வேலிக்கு அப்பால் ஒரு துண்டு மேட்டு நிலமும் இருந்தது. அதில் கச்சான் கடலை போட்டிருந்தார்.

"இது பண்டி" என்றார். தேத்தண்ணி. "கிழங்கும் இல்லாத இடத்தில… பண்டிக்கு… என்ன அலுவல்?"

அக்கா மண்வெட்டிப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரையில் பண்டி இல்லை. அங்கே மீனைத் தாட்டால் நாயும் காகமும்தான் வரும். இங்கே பின்வேலிக்கு அப்பால் தொடங்குகிற காடு எங்கே போய் முடிகிறதென்று யாருக்கும் தெரியாது. அந்தக் காட்டுக்கு மாதக் கணக்காகத் தானே மணம் காட்டிக் கூப்பிட்டிருக்கிறேன் என்பது அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. வாய் திறக்கவில்லை. திறந்தால் நியமனம் போய்விடும்.

மதிப்பீட்டுக்குக் கொஞ்ச நாள்தான் இருந்தது. அதுவரைக்கும் பண்டியைக் கன்றுகளிடமிருந்து விலக்கி வைத்தால் போதும் என்று அவர் ஒரு கணக்குப் போட்டார். பின்வேலியில் பண்டிகள் நெருக்கி வளைத்த ஓர் ஓட்டை இருந்தது. விடியக் கருக்கலில் அந்த ஓட்டையால் வாளியோடு வெளியே போய், காட்டுப் பாதையோரம் மீனைத் தாட்டுவிட்டு வந்தார். பண்டிகள் அங்கேயே தின்றுவிட்டு நிற்கும் என்று நினைத்தார். நின்றன. பக்கத்தில் இருந்த கச்சானையும் ஒரு பிடி பிடித்தன.

அதற்குப் பிறகு நடந்ததை அக்கா எனக்குப் பிந்தித்தான் சொன்னார். ஆனாலும் நடந்த ஒழுங்கிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருநாள் பின்னேரம் தயாபரன் அண்ணை தண்ணீர்த் தாங்கியடிக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, வேலி ஓட்டைப் பக்கம் வராதேங்கோ. கட்டுத்துவக்குக் கட்டியிருக்கிறன்."

கட்டுத்துவக்கு என்றால் இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மரத்தோடு ஒரு துவக்கைக் கட்டி, விசையிலிருந்து பாதைக்குக் குறுக்கே ஒரு நூலை இழுத்து விடுவார்கள். நூலில் கால் பட்டால் வெடிக்கும். பட்டது பண்டியின் காலா விறகுக்குப் போன மனுசியின் காலா என்று துவக்குக்குத் தெரியாது. பிடிபட்டால் மறியல், கம்பி எண்ண வேண்டியதுதான்.

"விசரே உனக்கு?" என்று அக்கா கேட்டிருக்கிறார். "பிள்ளையள் திரியிற இடம்!"

"பிள்ளையள் ஆர் அங்கால போறது? பொழுதுபட்டாப் பிறகு கட்டுவன், விடிய முதல் நானே கழட்டிப்போடுவன். நீங்கள் விறகுக்குக் கருக்கலோட வாறனீங்கள், அதுதான் சொன்னனான். ஒருத்தரிட்டயும் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. உத்தியோகம் போயிடும், நானும் உள்ளுக்குப் போயிடுவன். பாருங்கோவன், என்ர கச்சானில பாதி இல்லை. என்ன கோதாரிக்கு உதுகள் இந்தப் பக்கம் வருதுகளெண்டு தெரியேல்ல."

என்ன கோதாரி என்று அக்காவுக்குத் தெரியும். ஆனால் சொல்லவில்லை. தலையை ஆட்டினார்.

அன்றோடு ஓட்டையால் போவதை நிறுத்தினார். மீன் மட்டும் நிற்கவில்லை. செல்வராசா அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் வாளியை நீட்டினார். அக்கா மூடி போட்ட பெயின்ற் வாளிகளில் அதை அடைத்து, தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்தார். வெயிலுக்கு மூடி உப்பிக்கொண்டு வந்தது. அவ்வழியால் போகிற பெண்பிள்ளைகள் சால்வையால் மூக்கைப் பொத்தினார்கள். அக்கா கூட்டுகிற தடியோடு அங்கேயே சுற்றிச் சுற்றி நின்றார். "அக்கா, உங்கட ஊர் வந்திட்டுது போல கிடக்கு" என்று நான் பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மதிப்பீட்டு நாள் வந்தது.

வெளி மாவட்டத்திலிருந்து ஒரு பேராசிரியை அம்மாவும், கூடவே குறிப்பெடுக்க ஒருவரும் வந்தார்கள். அம்மா வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு, வெயில் ஏறின பிறகும் களைக்காமல் நடந்தார். கிருபன் சேரின் வட்டம் காலையிலிருந்து கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. நாங்கள் சுற்றாடல் கழகப் பிள்ளைகள் பின்னால் போனோம். கூரை பார்த்தார்கள், தாங்கி பார்த்தார்கள், கோப்பை கழுவுகிற இடத்தைப் பார்த்தார்கள். கொம்போஸ்ற் தொட்டியடியில் அம்மா மெதுவாகக் கேட்டார்.

"கன்ரீனில மீன் சமைக்கிறீங்கள். மீன் கழிவு எங்க?"

கிருபன் சேரின் கை வட்டத்திலேயே நின்றுவிட்டது. "அது… எங்கட புனிதமலர் அக்கா மனேஜ் பண்ணுறவா."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா தாங்கியைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டு நின்றார்.

"அது சரியாப் போகுது அம்மா" என்றார்.

அம்மா கன்றுகள் பக்கம் நடந்தார். பச்சை பிடித்த வரிசையைப் பார்த்து நின்றார். பிடுங்கப்பட்ட இடங்களில் அக்கா புதுக் கன்று நட்டு, பழைய இலையைப் போட்டு மூடியிருந்தார். கிருபன் சேருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அப்போது அம்மாவின் கண் வேலிக்கு அப்பால் போனது. அங்கே ஒரு பெரிய பாலை மரம்.

"அது உங்கட எல்லைக்குள்ளயோ? எத்தினை வருசத்து மரம்! கிட்டப் போய்ப் பாப்பம்."

"ஓம் ஓம், தாராளமா" என்றார் கிருபன் சேர். "ஓட்டை ஒண்டு இருக்கு, அதால போகலாம்."

நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அவர் முகத்தைக் கேற் பக்கம் திருப்பினார். தூரத்தில், முன் கேற்றில், தேய்த்த யூனிபோமோடு தயாபரன் அண்ணை விறைப்பாக நின்றார். நல்ல உயரமும் மீசையும் என்று, விருந்தினருக்குச் சலூட் அடிக்க அன்று அவரை விடியக்காலையிலேயே முன்னுக்குப் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். அவருடைய சைக்கிள் கேற்றடியில் சாத்திக் கிடந்தது. நான் விடியக் கேற்றடிக்குப் போனபோதும் அது அங்கேயே, அதே சாய்வில் கிடந்தது.

அக்காவும் அந்தச் சைக்கிளைத்தான் பார்த்தார். ஆள் பின்பக்கம் வரவேயில்லை. துவக்கைக் கழற்றவில்லை.

அம்மா ஓட்டைக்குள் ஒரு காலை வைத்துவிட்டார்.

"நில்லுங்கோ!"

அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ தடவை செய்து பார்த்திருக்கிறேன், வராது. விடுதி மாடியில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் அதைக் கீழே நழுவவிட்டார்கள். அம்மா வைத்த கால் வைத்தபடியே நின்றார். அக்கா ஓடிப்போய் அவரை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, ஓட்டைக்குக் குறுக்கே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா! என்ன இது?" கிருபன் சேரின் குரல் கீச்சென்று போனது. "தள்ளுங்கோ!"

துவக்கு என்று சொன்னால் தயாபரன் அண்ணை மறியலில். சொல்லாமல் வழி விட்டால் அம்மாவின் வெள்ளைச் சப்பாத்து நூலில். அக்கா வேலி மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"அங்கால பண்டி நிக்குது. குட்டியோட நிக்கும், விடாது. மீன் தாட்டுக் கிடக்கு. நான்தான் தாட்டனான். இஞ்சயும் தாட்டனான், எல்லாக் கன்றுக்கும் கீழயும் தாட்டனான். மிச்சம் அந்தா, தாங்கிக்குப் பின்னால வாளியில கிடக்கு. பண்டி வந்தது என்னாலதான்."

குறிப்பெடுக்கிறவர் பேனையை மூடினார்.

"தம்பி" என்றார் அக்கா என்னைப் பார்த்து. "ஓடிப்போய்த் தயாவைக் கூட்டிக்கொண்டு வா. பண்டி கலைக்கோணுமெண்டு சொல்லு. கெதியா!"

ஓடினேன். பண்டி என்றதும் தயாபரன் அண்ணை முதலில் சிரித்தார். ஓட்டையடியில் அம்மா நிற்கிறா என்றதும் அந்த உயரமான மனுசன் அப்படியே சுருங்கினார். இடையில் தேத்தண்ணிக்கு இடமில்லாமல் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. "ஐயோ நான் கழட்டேல்லயடா தம்பி கழட்டேல்ல." சைக்கிளைக்கூட எடுக்காமல் ஓடினார். என்ன கழற்றவில்லை என்று எனக்கு விளங்கும்போது நாங்கள் பாதி வழியில் இருந்தோம்.

அக்கா அதே இடத்தில் கை விரித்தபடி நின்றார். தயாபரன் அண்ணை கிட்டப் போனதும் வழிவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"நான் பண்டியைக்… கலைச்சுப்போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

பற்றைக்காடு அவரை மறைத்துவிட்டது. சருகு நெரிகிற சத்தம் கொஞ்ச நேரம். பிறகு அதுவும் இல்லை. கிருபன் சேர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா அவரைப் பார்க்காமலே கையை உயர்த்தித் தடுத்தார். மற்றக் கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் தோளுக்கும் சிலுவை போட்டுக்கொண்டிருந்தது, நிறுத்தாமல், திரும்பத் திரும்ப. பாலை மரத்தில் ஒரு செண்பகம் கத்தியதற்கே நாங்கள் எல்லோரும் துள்ளினோம்.

பற்றை அசைந்தது. தயாபரன் அண்ணை வெளியே வந்தார். யூனிபோம் முழுக்க வியர்வை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். வேலியோரம் பக்கவாட்டில் நின்ற எனக்கு மட்டும் அந்தக் கை தெரிந்தது. விரல்களில் ஒரு நூல் சுற்றிக் கிடந்தது.

"பண்டி போயிட்டுது" என்றார்.

அக்கா அப்படியே நிலத்தில் குந்தினார்.

பேராசிரியை அம்மா சப்பாத்திலிருந்த மண்ணைத் தட்டினார். கன்றுகளைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். "நல்ல பசளைதான்" என்றார் அக்காவிடம். "ஆனா காட்டுக்குப் பக்கத்தில இது விளையாட்டில்லை, தெரியுமோ?"

"தெரியும் அம்மா" என்றார் அக்கா. "இப்ப தெரியும்."

கிருபன் சேர் கோபத்தில் கத்தவில்லை, கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "சீரோ எண்டு நான் எல்லா இடமும் சொல்லிப்போட்டன் அக்கா" என்று மட்டும் சொன்னார். வட்டம் போட்ட விரல்கள் சட்டைப் பைக்குள் போய்விட்டன.

மதிப்பீட்டில் எங்களுக்கு நடுத்தரம் கிடைத்தது. சேர் மீன் கழிவுக்கு என்று ஆழமான, கொங்கிறீற் மூடி போட்ட குழி ஒன்று கட்டுவித்தார். முதலே கட்டியிருக்கலாம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவருக்கே தெரிந்திருக்கும். நியமனத்துக்கு வேறொருவருடைய பெயர் போனது.

மதிப்பீட்டு நாள் பின்னேரமே தாங்கியடியில் அக்காவும் தயாபரன் அண்ணையும் சண்டை பிடித்தார்கள். கிட்டப் போக எனக்குப் பயம். போகாமலிருக்கவும் முடியவில்லை.

"என்ர கச்சானைத் திண்ட பண்டியளுக்கு… சோறு போட்டது நீங்களோ?"

"சோறில்லை, கும்பளா மீன். நீ அந்த மனுசியைச் சுட்டிருப்பாயே, அதைப் பற்றிக் கதை!"

"கழட்ட விடேல்ல என்னை! மீசையைக் காட்டு எண்டு கேற்றில நிப்பாட்டினவங்கள்!"

"மீசையை முதல் கழட்டு!"

தயாபரன் அண்ணை யூனிபோமின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, "ஏனக்கா என்ர பேரைச் சொல்லேல்ல?" என்று கேட்டார்.

அக்கா வாளி மூடியை இறுக்கினார். "துவக்கு எங்க?"

"குழல் ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். இனி அது துவக்கில்லை."

"அப்ப போ."

இரண்டு மாதத்தில் குத்தகை மாறியது. விடியக்காலை கேற்றடியில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அக்கா கடைசியில் நின்றார். புதுக் குத்தகைக்காரர் விரலை நீட்டிக்கொண்டு வந்தார். அக்காவுக்கு முன்னால் வந்ததும் விரல் மடங்கியது. கையிலிருந்த போனைப் பார்த்தார். "உவாதானே மீன் பிரச்சினைக்காரி?"

அக்கா கைப்பையை மற்றத் தோளுக்கு மாற்றினார், பஸ்ஸுக்குத் திரும்புகிறவரைப் போல.

கேற்றில் நின்ற தயாபரன் அண்ணை தொண்டையைச் செருமினார். "ஐயா, பின்பக்கம் பண்டி வாற இடம். மற்ற ஆக்கள் போகாயினம். அவா… பண்டிக்கு முன்னால கை விரிச்சு நிண்டவா. நான் கண்டனான்."

"மெய்யோ?"

"நானும் கண்டனான்" என்றேன் நான், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த வழியில்.

குத்தகைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். "சரி, போங்கோ. அடுத்த முறை பாப்பம்."

அடுத்த முறையும் அக்கா அங்கேதான் நிற்க வேண்டும். அன்றைக்கு உள்ளே விட்டார்கள், அவ்வளவுதான். கேற்றைத் தாண்டும்போது தயாபரன் அண்ணை சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொதியை எடுத்து நீட்டினார். அவித்த கச்சான்.

"பண்டி மிச்சம் விட்டது" என்றார்.

அக்கா ஒன்றை உடைத்து வாயில் போட்டார். மூக்கால் மூச்சை உள்ளே இழுத்தார்.

"ஐயோ மாதாவே! உப்புக் காணாது, தயா!"

பாதையின் அடுத்த பக்கம் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.